கீழே நிற்கிறவனுக்கு ஒரு வழி

கோலார் தங்கவயலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உயரத்தைவிட ஆழம்தான் முதலில் பழகும். ஷாஃப்டுகளின் இரும்புச் சட்டங்களையும் சயனைட் மேடுகளையும் விட்டால் ஊரில் அண்ணாந்து பார்க்க அதிகம் கிடையாது. அந்த மேடுகளும் அடியிலிருந்து ஏற்றி வந்த பாறையை அரைத்து, தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய மண்தான். என் நைனா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேன். தோண்டிய இடம் சரிந்துவிடாமல் மரம் கொடுத்தும் கருங்கல் அடுக்கியும் தாங்க வைக்கிற வேலை. சங்கு ஊதி, ஷிஃப்ட் முடிந்து, குளித்துவிட்டு வந்து உட்காருகிறவரிடம் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தினாவது லெவலு?" என்பதுதான். அவர் சொல்லும் எண் பெரிதாக இருந்தால் சோற்றுக்கு முன்னால் ஒரு சொம்பு மோர் வரும்.

லெவல் என்பது நூறு அடிக்கு ஒன்று போலப் பூமிக்குள் குடைந்த தளம். சாம்பியன் ரீஃபில் அப்படி நூற்றுக்கும் மேல் இருந்தன. கடைசித் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 3,200 மீட்டர் கீழே. அங்கே பாறையின் சூடு மட்டும் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒரே கூண்டில் ஏறி அடிவரை போய்விட முடியாது. அவ்வளவு நீளக் கம்பிவடத்துக்குத் தன் எடையே பெரும் சுமை. முதல் ஷாஃப்டில் ஒரு தளம் வரை இறங்கி, அங்கிருந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து, இன்னொரு ஷாஃப்டின் வாய்க்குப் போய், வேறு கூண்டுக்கு மாற வேண்டும். ஆட்கள் இறங்க, தாது மேலே வர, நல்ல காற்று உள்ளே போக, சூடேறிய காற்று வெளியேற, ஊறும் தண்ணீரை இறைக்க என்று எல்லாவற்றுக்கும் வழி ஒதுக்கியிருந்தார்கள். பல அடுக்குச் சந்திப்பு என்று பெருநகரங்கள் இன்றைக்குப் பெருமையாகக் காட்டுகிற ஏற்பாட்டை நான் முதலில் அறிந்துகொண்டது நைனாவின் வாய்வழியாகத்தான்.

பெங்களூர் எங்களுக்குப் பின்னால் வந்த ஊர் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பெருமையில் கொஞ்சம் நியாயமும் உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கத் தொழிலைக் கையிலெடுத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஏழைச் சனம் மூட்டை முடிச்சுடன் வந்து தட்டி வீடுகளில் குடியேறியது. 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ரயில் பாதை வந்தது. அந்த பவுரிங்பேட்டைதான் இன்றைய பங்காருபேட்டை. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து எங்கள் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். வெளிச்சம் எங்களிடமிருந்து அவர்களுக்குப் போக மூன்று வருடம் ஆயிற்று என்று என் தாத்தா சிரிப்பாராம்.

பிறகு கணக்கு தலைகீழாக மாறியது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் ஆயின. தாதுவில் தங்கம் குறைந்துகொண்டே போக, 2001 பிப்ரவரி 28 அன்று மூடிவிட்டார்கள். இறைக்கும் பம்புகள் நின்றன. நைனாவும் அவருடைய கூட்டாளிகளும் மரம் கொடுத்துத் தாங்கிய தளங்களில் தண்ணீர் ஏறியது. ஊரே ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று சுரங்கங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஆளேற்றும். பங்காருபேட்டையைத் தாண்டி டேகல், மாலூர் வரும்போது நிற்கவும் இடமிருக்காது. செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர், கார்மென்ட்ஸ் பெண்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், வெல்டர்கள், கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரே ரயிலில். இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புகிற இந்தப் பிழைப்பு எங்களுக்குப் புதிதில்லை. ஷிஃப்டுக்கு இறங்கினவர்களும் வெயிலைப் பார்க்காமல்தான் வாழ்ந்தார்கள். இடம் பிடிப்பதில் சண்டை வரும், ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் சமாதானமாகும். ஒரு பெட்டியில் பஜனை, ஒன்றில் சீட்டாட்டம், ஒன்றில் தூக்கம். கிருஷ்ணராஜபுரம், எங்கள் வாயில் கே.ஆர்.புரம், வந்ததும் பாதி ரயில் கீழே இறங்கும்.

நானும் அங்கேதான் இறங்குவேன். டிப்ளமோ முடித்த கையோடு ஒரு கான்ட்ராக்டரிடம் சர்வே பார்ட்டியில் சேர்ந்திருந்தேன். ஆரம்பத்தில் என் வேலை ஸ்டாஃப் பிடிப்பது, அதாவது அளவு போட்ட நீளக் கட்டையை நேராக நிறுத்திக்கொண்டு அசையாமல் நிற்பது. எதிரில் ஆட்டோ லெவல் கருவியில் ஒற்றைக் கண் வைத்து சர்வேயர் உயரம் படிப்பார். நகரம் மேலே எழுகிறபோது அதன் ஒவ்வொரு அடியையும் தரையில் நின்றபடி அளந்தவன் நான்.

அந்தச் சமயத்தில்தான் கே.ஆர்.புரம் தொங்கு பாலம் வந்தது. 2003-இல் திறந்தார்கள். பழைய மெட்ராஸ் ரோடு அங்கே ரயில் பாதைகளைத் தாண்ட வேண்டும். முன்பு கேட் போட்டால் லாரியும் பஸ்ஸும் வரிசையாக நிற்கும். கீழே ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் நினைத்த இடமெல்லாம் தூண் ஊன்ற முடியாது. அதனால் ஓர் உயரமான கோபுரத்தை எழுப்பி, அதிலிருந்து சாய்வாகக் கம்பிவடங்களை இறக்கிப் பாலத்தின் தளத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். வடத்தைக் கண்டதும் எங்கள் ஊர்க்காரர்கள் ரயில் ஜன்னலில் முண்டியடித்தார்கள். சுரங்கக் கூண்டைத் தாங்கிய மாதிரியான கம்பிவடம் இப்போது ரோட்டைத் தாங்கி நிற்கிறதே என்று வயதானவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பாலம் வந்தும் நெரிசல் போகவில்லை, சற்று நகர்ந்து டின் ஃபேக்டரி சந்திப்பில் போய் உட்கார்ந்தது. பாலத்திலிருந்து இறங்குகிற பழைய மெட்ராஸ் ரோடும், ஹெப்பால் பக்கமிருந்தும் சில்க் போர்டு பக்கமிருந்தும் வருகிற வெளிவட்டச் சாலையும், பஸ் ஸ்டாப்பும், எங்களைப் போல ரயிலை விட்டு ஓடிவருகிற கூட்டமும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன. இடது பக்கம் சேர வேண்டியவன் வலதுக்கும், வலது பக்கம் போக வேண்டியவன் இடதுக்கும் வெட்டும்போது எத்தனை லேன் இருந்தும் பயனில்லை. ஒரு நாள் ராத்திரி வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த நைனா, "தாது ஏத்தற ஸ்கிப்பு ஒண்ணுதான் கீது. நீ எத்தினி பேஸ்ல வெட்டிக் குமிச்சா இன்னா? அந்த ஸ்கிப்பு எத்தினி ஏத்துமோ அத்தினிதான் மேல வரும்" என்றார். ஒரு சாலைத்தொகுதியின் திறன் அதன் குறுகலான இடத்தின் திறன்தான் என்று நான் படித்த பாடத்தை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

ஃப்ளைஓவர் கட்டும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதிலும் பாதி வேலை பூமிக்குள்தான். முதலில் மண்ணைத் துளைத்துப் பாறை தட்டும் வரை போய்க் கம்பிக்கூட்டை இறக்கி கான்கிரீட் ஊற்றுவார்கள். அது பைல். பல பைல்களின் தலையைச் சேர்த்துக் கட்டுவது பைல் கேப். அதன்மேல் தூண், தூணின் தலையில் பியர் கேப், அதன்மேல் பேரிங், பிறகுதான் கிர்டர். மெட்ரோவுக்கு என்றால் வேறொரு யார்டில் செக்மென்ட் செக்மென்டாக வார்த்து, ராத்திரியில் டிரெய்லரில் கொண்டுவந்து, லாஞ்சிங் கிர்டரால் தூக்கி வரிசையாகக் கோத்து, உள்ளே ஓடும் எஃகு வடங்களை இழுத்து இறுக்குவார்கள். இந்த வேலைகளில் எங்கள் ஊர் முகங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. கேஸ் கட்டர், வெல்டர், ரிக்கர், கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர் என்று தேடினால் ஆண்டர்சன்பேட்டையிலோ ராபர்ட்சன்பேட்டையிலோ வீடு இருக்கும். மண் தள்ளுகிற புல்டோசர் எங்கள் ஊர் பி.இ.எம்.எல். தொழிற்சாலையில் பிறந்ததாக இருக்கும். மெட்ரோவின் முதல் கட்டப் பெட்டிகளும் பி.இ.எம்.எல். செய்தவைதான். தங்கம் தீர்ந்த பிறகும் நகரத்தின் எடையில் எங்கள் பங்கு தீரவில்லை.

அடுக்குகள் கூடிக்கொண்டே போயின. கே.ஆர்.புரத்தில் ரயிலும் தொங்கு பாலமும் இருந்த இடத்தில் மெட்ரோவும் வந்தது. 2023 மார்ச் 25 அன்று ஒயிட்ஃபீல்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை பர்ப்பிள் லைன் ஓடத் தொடங்கியது. ஆனால் அங்கிருந்து பையப்பனஹள்ளி வரை, இரண்டரைக் கிலோமீட்டர் கூட இல்லாத துண்டு, இணையாமல் நின்றது. பென்னிகானஹள்ளியில் ரயில் தடங்களுக்கு மேலே நீளமான இரும்பு கிர்டரைக் கடத்த வேண்டியிருந்தது; ரயில்கள் ஓடாத நேரம் பார்த்துத்தான் அந்த வேலை நடக்கும். அந்த மாதங்களில் மெட்ரோவை விட்டு இறங்கிப் பஸ் பிடித்து, மறுபடி மெட்ரோவில் ஏறினார்கள் ஜனங்கள். அக்டோபர் 9 அன்று துண்டு சேர்ந்தது. கோடிகளைக் கொட்டிக் கட்டிய நீண்ட பாதையின் பயன் இவ்வளவு சின்ன இடைவெளியில் தொங்கிக்கொண்டிருந்ததை அன்றாடம் அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

2025-இன் பிற்பகுதியில் நைனாவை ஜயதேவா இருதய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. எண்பதைத் தொடும் வயது. பாறைத் தூசு குடித்த நுரையீரல் எங்கள் ஊரில் பல வீடுகளில் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "ரயில்லயே போலாம்டா, நீ கட்டினதெல்லாம் பாக்கணும்" என்றார். மாரிக்குப்பம் ரயிலில் கே.ஆர்.புரம், அங்கே பர்ப்பிள் லைனில் ஏறி மெஜஸ்டிக், அங்கே கிரீன் லைனுக்கு மாறி ஆர்.வி.ரோடு, அங்கே ஆகஸ்ட் 10 அன்றுதான் திறந்திருந்த எல்லோ லைனில் ஏறி ஜயதேவா. நான்கு ரயில்கள்.

மெஜஸ்டிக்கில் இரண்டு லைன்களும் பூமிக்குள் மேல் கீழாக ஒன்றையொன்று கடக்கின்றன. சுரங்கம் மூடிய பிறகு நைனா தரைக்குக் கீழே போனது அன்றுதான். எஸ்கலேட்டரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவிப் பார்த்தார். காற்று எங்கிருந்து வருகிறது என்று கூரையைத் தேடினார். கசிவு இருக்கிறதா என்று மூலையைப் பார்த்தார். வெளியேறும் வழி என்று எழுதிய பச்சைப் பலகையைக் காட்டி, இதை விளக்கு அணைந்தாலும் படிக்க முடியுமா என்று கேட்டார். முடியும், உள்ளே பேட்டரி இருக்கிறது என்றேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, "இது மொதல் லெவலுக்கே வரலயேடா" என்று சிரித்தார். எதிரே நின்றிருந்த காலேஜ் பெண் என்னவென்று கேட்டாள். நைனா அவளிடம் கன்னடத்தில் கோலார் சுரங்கத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ரயில் வந்து பேச்சு பாதியில் நின்றது.

ஜயதேவா சந்திப்பு பெங்களூரின் அடுக்குகளில் உச்சம் என்று சொல்லலாம். பன்னேர்கட்டா ரோடு ஓடும் சுரங்கப்பாதை ஒன்று. அதன்மேல் தரைச் சாலை. அதன்மேல் ஃப்ளைஓவர். அதற்கும் மேலே எல்லோ லைன். எல்லாவற்றுக்கும் மேலே பிங்க் லைன். நாங்கள் போனபோது ஐந்தாவது அடுக்கில் ரயில் ஓடத் தொடங்கியிருக்கவில்லை. இதே இடத்தில் முன்பு ஒரு ஃப்ளைஓவர் இருந்தது. பதினைந்து வருடம் போல ஓடிய அதை 2020-இல் இடித்துவிட்டுத்தான் இந்த ஏற்பாட்டைக் கட்டினார்கள். ராகிகுட்டாவிலிருந்து இந்தச் சந்திப்பு வழியாக சில்க் போர்டு வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளத்துக்கு இரட்டை அடுக்குப் பாலம் போகிறது. ஒரே தூண் வரிசை. தரையிலிருந்து 8 மீட்டர் உயரத்தில் கார் ரோடு, 16 மீட்டர் உயரத்தில் மெட்ரோ. 2024 ஜூலையில் சாலையின் ஒரு பக்கத்தை முதலமைச்சர் சித்தராமையாவும் துணை முதலமைச்சர் டி.கே.சிவகுமாரும் திறந்துவைத்தார்கள். தூணுக்கு நிலம் கிடைக்காத நகரத்தில் ஒரே அடித்தளத்தின்மேல் இரண்டு பாதைகளை ஏற்றியது கெட்டிக்காரத்தனமான வேலைதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆஸ்பத்திரி வேலை முடிந்து வெளியே வந்ததும் நைனா சாலையோரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். தூண்களைப் பார்த்தார், பியர் கேப்களைப் பார்த்தார், ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே போன கான்கிரீட்டைக் கண்ணால் எண்ணினார். "மரம் கொடுத்தவன் நல்லா குடுத்துக்கீறான்" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை. பிறகு எதிர்ப்புறத்தில் இருந்த மருந்துக் கடைக்குப் போக வேண்டும் என்றார். நான் அங்கும் இங்கும் பார்த்தேன். வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. கூட்டமாகச் சிலர் கையைக் காட்டிக்கொண்டே கடந்தார்கள். அவர்களோடு ஓட நைனாவால் முடியாது. சுற்றிக்கொண்டு போகிற வழியில் படி ஏறி இறங்க வேண்டும், அதுவும் அவரால் முடியாது. நடுவில் இருந்த திட்டில் கொஞ்ச நேரம், அடுத்த திட்டில் கொஞ்ச நேரம் என்று தங்கித் தங்கிக் கடந்தோம். திட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்: "மேல போறவனுக்கு எத்தினி வழி கீது! கீழ நிக்கறவனுக்கு எங்கடா வழி?"

திரும்பும் ரயிலில் சுரங்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஷாஃப்டில் மனிதக் கூண்டு இறங்கும் நேரத்தில் தாது ஏறாது. ஷிஃப்ட் மாறும்போது முதலில் ஆட்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம். கூண்டு நின்றுபோனால் வெளியேற ஏணி வழி ஒன்று உண்டு. கூண்டில் ஆள் இருக்கிறான் என்றால் மணி அடிக்கிற முறையே வேறு. மேலே கூண்டை ஏற்றி இறக்கும் விண்டரை ஓட்டுகிறவன் அதைக் கேட்டுத்தான் வேகத்தை வைப்பான். எந்தத் தளத்தில் எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று கணக்கு நேராகும் வரை ஷிஃப்ட் முடியாது. "நாம முக்கியம்னு கம்பெனிக்காரன் பாசத்துல செஞ்சது இல்லடா. ஆள் போய்ச் சேரலன்னா தங்கம் வராது, அதுக்காவ செஞ்சான்" என்றார்.

சுரங்கத்தை நான் சொர்க்கமாக்கிப் பேசவில்லை. அழுத்தத்தில் பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் வந்தால் லைன் வீட்டு அலமாரியிலிருந்து பாத்திரம் உருளும். அந்தச் சத்தத்துக்குப் பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அப்படி ஓடினவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. கூண்டில் நசுங்கியவர்களும் தூசில் கரைந்தவர்களும் எங்கள் ஒவ்வொரு லைனிலும் உண்டு. லாபத்துக்காக ஆளை அடியில் அனுப்பிய அந்தக் கம்பெனிகூட, அவன் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புவான் என்று முதலில் வரைந்தது. நாமே ஓட்டுப் போட்டு, நம் வரிப்பணத்தில் கட்டுகிற சந்திப்பில் நடந்துபோகிறவனின் வழி கடைசியில், மிச்சமிருந்தால், வரையப்படுகிறது. இத்தனை வருடம் தரையில் நின்று உயரம் அளந்த எனக்கு இந்த வித்தியாசம்தான் உறுத்துகிறது.

வேலை விஷயமாகச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் கத்திப்பாராவைப் பார்த்திருக்கிறேன். 1973-இல் ஜெமினி மேம்பாலம் திறந்தபோது சென்னைக்கு அதுவே அதிசயம். 2008-இல் கத்திப்பாராவில் நான்கு இதழ் விரித்த மாதிரி மேம்பாலம் வந்தது. மேலே கார்கள் எந்தச் சிக்னலிலும் நிற்காமல் சுழன்று போய்க்கொண்டிருக்க, அடியில் நிலம் பல வருடம் சும்மா கிடந்தது. 2021-இல் அங்கே பஸ் நிற்கவும் வண்டி நிறுத்தவும் கடை போடவும் ஜனங்கள் உட்காரவும் ஒரு சதுக்கம் அமைத்தார்கள். ஆலந்தூர் மெட்ரோவை நோக்கி நடக்கிறவர்களும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் ஒரு கூரையைப் பார்த்தார்கள். மேம்பாலம் கட்டி முடித்து 13 வருடம் கழித்துத்தான் அடியில் இருப்பவர்களின் நினைவு வந்தது என்றாலும், வந்தது. தென் கொரியத் தலைநகர் சியோல் இன்னும் ஒரு படி மேலே போனது. நகரின் நடுவே ஓடிய சொங்கேசொன் ஓடையை மூடி அதன்மேல் நின்றிருந்த உயர்த்தப்பட்ட நெடுஞ்சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையையே திறந்துவிட்டது. ஒரு காலத்தில் வளர்ச்சியின் அடையாளமாகக் கட்டியதை நகரமே மனம் மாறி எடுத்துப்போட முடியும் என்பதற்கு அது சாட்சி.

எங்கள் ஊர்ப் பக்கமும் இப்போது பெரிய ரோடு வந்துவிட்டது. ஹொசகோட்டையில் தொடங்கி மாலூர், பங்காருபேட்டை, பேத்தமங்கலம் வழியாக ஆந்திரத்துக்குள் நுழைந்து ஸ்ரீபெரும்புதூர் வரை போகும் பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை ஏறக்குறைய 260 கிலோமீட்டர். 2022 மே மாதம் பிரதமர் மோடி சென்னையில் அடிக்கல் நாட்டினார். கர்நாடகப் பகுதி முதலில் முடிந்து வண்டிகள் ஓடத் தொடங்கின. எங்கள் ஊருக்கான வாசல் பேத்தமங்கலத்தில் இருக்கிறது. கார் வைத்திருப்பவர்கள் ஹொசகோட்டையைக் கண்மூடித் திறப்பதற்குள் தொட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் கே.ஆர்.புரம் வரிசையில் போய் நிற்கிறார்கள்; நைனா சொன்ன ஸ்கிப் அங்கேதான் இருக்கிறது. இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் அந்த விரைவுச்சாலையில் இடமில்லை. எங்கள் ஜனங்களில் பெரும்பாலோர் இன்னும் மாரிக்குப்பம் ரயிலையே நம்பியிருக்கிறார்கள்.

இப்போது பெங்களூர் பூமிக்குள்ளும் இறங்கப் பார்க்கிறது. ஹெப்பாலிலிருந்து சில்க் போர்டு வரை ஏறக்குறைய 17 கிலோமீட்டருக்குச் சுரங்கச் சாலை என்கிறார்கள். செலவு பல்லாயிரம் கோடி. எங்கள் ஊர் டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் பழைய சுரங்கக்காரர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். தோண்டுவது பெரிய விஷயமில்லை என்பார்கள். புகையை எங்கே வெளியே விடப் போகிறாய், மழைத் தண்ணீரை எத்தனை பம்பு இறைக்கும், கரண்ட் போனால் என்ன, வண்டி தீப்பிடித்தால் ஆள் எந்த வழியாக ஓடுவான் என்று அடுக்குவார்கள். தோண்டுவதைவிட, தோண்டியதைத் தினமும் காப்பதுதான் பெரும் செலவு என்பது அவர்கள் உடம்பால் படித்த பாடம். பம்பை நிறுத்தியதும் நூறு வருட உழைப்பில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அத்தனை கேள்விக்கும் பதில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சாலையும் கார் வைத்திருப்பவருக்கு இன்னோர் அடுக்குதான். பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கும் நடக்கிறவருக்கும் அதில் பங்கு மிகக் குறைவு.

ஃப்ளைஓவரே வேண்டாம் என்று சொல்ல நான் ஆளில்லை. அந்த வேலையின் சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். ஆம்புலன்ஸ் வேகமாகப் போகிறது, சரக்கு நேரத்துக்குச் சேருகிறது, மழையில் தவிக்கிற பஸ் ஒரு தடையைத் தாண்டிவிடுகிறது. அந்த நன்மைகள் உண்மை. ஆனால் சந்திப்பு என்றால் வழி மாறுகிற இடம். அங்கே வண்டிகள் மட்டும் மாறவில்லை. ரயிலிலிருந்து மெட்ரோவுக்கும் மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கும் மனிதர்கள் மாறுகிறார்கள். வண்டி மாறுவதற்கு வளைவும் சாய்தளமும் கணக்குப் போட்டுக் கட்டுகிறோம். மனிதன் மாறுவதற்கு அவன் புத்திசாலித்தனத்தையும் கால் வலுவையும் நம்பி விட்டுவிடுகிறோம்.

கே.ஆர்.புரத்தில் வெளிவட்டச் சாலையின் மேல் சில்க் போர்டிலிருந்து புளூ லைன் வந்து சேரப் போகிறது. ரயில், பர்ப்பிள் லைன், புளூ லைன், பஸ், தொங்கு பாலம் எல்லாம் கூடுகிற இடமாக அது ஆகும். அதைத் திட்டமிடுகிற பொறியாளர்களிடமும் அதிகாரிகளிடமும், ஸ்டாஃப் பிடித்துத் தொழில் கற்ற ஒருவன் கேட்பது இதுதான். மாரிக்குப்பம் ரயிலில் வந்து இறங்குகிற, மூச்சு வாங்குகிற ஒரு முதியவரை மனதில் வையுங்கள். அவர் பிளாட்பாரத்திலிருந்து இரண்டு மெட்ரோக்களுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நிழலில், லிஃப்டில், ஓட்டமில்லாமல், யாரிடமும் வழி கேட்காமல் போய்ச் சேர வேண்டும். வரைபடத்தில் முதல் கோடாக அந்த வழியைப் போடுங்கள். வண்டிகளுக்கான அடுக்குகளை அதற்கப்புறம் எத்தனை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள்.